கீசலின் சறுக்கு

எர்லன்ரோடா என்ற ஊரில் உண்மைக்கென்று இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று காவல் நிலையம். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இன்னொன்று அரண்மனைத் தோட்டத்துக் கண்ணாடி மண்டபம். ஒரு காலத்தில் பிரபுவின் எலுமிச்சைத் தொட்டிகள் குளிருக்கு ஒதுங்கிய அந்த இடத்தில்தான் பழைய வாத்தியக் குழு ஒத்திகை பார்க்கிறது. அங்கே உண்மைக்கு விடுமுறையே கிடையாது.

ரோஸ்விதா டிம்லர் இந்தக் குழுவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறாள். முதல் வயலின் வரிசையில், இரண்டு பேருக்கு ஒன்றாக வைக்கும் தாள் ஸ்டாண்டுகளில் கடைசி ஸ்டாண்ட், சுவரோரம். பக்கத்து நாற்காலியில் ஊவே பாப்ஸ்ட். வாசிப்பது தவிர அவளுக்கு இன்னொரு வேலை: இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்வது. ஜெராக்ஸ் எடுப்பது, அடுக்குவது, கச்சேரி முடிந்ததும் பொறுக்குவது, யார் காபியைக் கொட்டினார் என்று கண்டுபிடித்தும் சொல்லாமல் இருப்பது. குழு தொடங்கிய வருடம் 'ரெண்டு மாசத்துக்கு மட்டும்' என்று அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

குழுவை நடத்துவது கிளெமென்ஸ் ஹார்ட்விக். முதல் நாற்காலியில் உட்கார்ந்து, வாசித்துக்கொண்டே, வில்லாலும் புருவத்தாலும் எல்லோரையும் ஓட்டிச் செல்பவர். சிம்பொனி 1851-ல் எழுதப்பட்டதா? அப்படியானால் 1851-ல் எப்படி ஒலித்ததோ அப்படியே ஒலிக்க வேண்டும். வயலினில் எஃகுக் கம்பி கூடாது, ஆட்டுக்குடலில் திரித்த தந்திதான். மழை வந்தால் அது இறங்கும், வெயில் வந்தால் ஏறும், முக்கியமான இடம் வந்தால் அறும். தோளில் தாங்கு கட்டை கூடாது. ஜெராக்ஸ்கூட வெள்ளைத் தாளில் எடுக்கக் கூடாது. பழுப்பேறிய பாலாடை நிறத் தாளில்தான். "வெள்ளைத் தாளப் பாத்து வாசிச்சா சத்தமும் வெளுத்துப் போயிடும்" என்று கிளெமென்ஸ் ஒருமுறை முழு மனதோடு சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஊவே மட்டும் கேட்டான்:

"அப்போ பல்லு வலிச்சாலும் 1851 டாக்டர்கிட்டதான் போகணுமா கிளெமென்ஸ்?"

"நீ போ. உன்னால குழுவுக்கு ஒரு நஷ்டமும் இல்ல."

இந்தக் கூட்டத்தில் பெரிய பாவம் தப்பாக வாசிப்பது இல்லை. ஆதாரம் இல்லாமல் வாசிப்பது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு விரலை எடுக்காமல் தந்தி மேலேயே இழுத்துக்கொண்டு போனால் ஒரு சறுக்கு கேட்கும். இன்றைய இசைக் கல்லூரிகளில் அதை முதல் வருடமே கையை விட்டு விரட்டிவிடுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் சறுக்கினார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் சறுக்கினார்கள்? அதுதான் தெரியாது. தெரியாததால் யாரும் சறுக்கவில்லை. மாட்டிக்கொள்ளாத அளவுக்கு மட்டும் காதலிக்கிறவர்களைப் போல, உணர்ச்சி பொங்கும் இசையை அவ்வளவு ஜாக்கிரதையாக வாசித்தார்கள்.

ஊரின் ஒரே இசையமைப்பாளர் யூஸ்டுஸ் ப்ரெம்ஸ்லர். உலகத்துக்கு அவரைத் தெரியாது. எர்லன்ரோடாவுக்கு அவரை விட்டால் வேறு யாரையும் தெரியாது. 1851-ல் அவர் எழுதிய சிம்பொனியை முதன்முதலில் வாசித்தது அரண்மனைக் குழு. அதன் தலைமை வயலின்காரர் லெயோபோல்ட் கீசல். அவர் வாசித்த தாள், எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று அவர் கையால் பென்சிலில் எண்கள் குறித்த தாள், அரண்மனை நூலகத்தில் இருந்தது. கிளெமென்ஸ் அதைக் கண்டுபிடித்த அன்று வாத்து வறுத்து விருந்து வைத்தார்.

அந்தத் தாளை நகலெடுக்கும் வேலை யாருக்குப் போகும்? சாவிக்காரிக்குத்தான்.

ஆறு வருடம் முன்னால், பிப்ரவரி மாதம். நூலகத்தில் வெப்பக் குழாய் உடைந்து, படிக்கும் அறையில் மூச்சு புகையாக வந்தது. நூலகக் காப்பாளர் அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "ரெண்டு நாள் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். ரோஸ்விதா கீசலின் தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, சைக்கிளில் அல்ல, நடந்தே, குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வழியில் கடையில் பாலாடை நிறத் தாளில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள்.

சமையலறை மேசையில் இரண்டும் அருகருகே கிடந்தன. பழுப்பு, பழுப்பு. நாள் முழுவதும் நகலில் மங்கலாக விழுந்த எண்களை எல்லாம் பென்சிலால் தெளிவாக எழுதிக்கொண்டிருந்தாள். கீசல் '2' போடும்போது வாலில் ஒரு சுழி வைப்பார். நூறு தடவை எழுதியதில் அந்தச் சுழி அவள் கைக்கும் வந்துவிட்டது. நடுவில் வயலினை எடுத்து மெதுவான மூன்றாம் பகுதியை வாசித்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் ராகம் கீழிருந்து மேலே ஒரு பெரிய தாவல் தாவுகிறது. அவள் கை சின்னது. விரல் மாற்றிப் போனால் எட்டவில்லை. இரண்டாம் விரலையே இழுத்துக்கொண்டு போனாள், சுகமாக இருந்தது. இன்னொரு முறை போனாள். வாத்தியக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, யோசிக்காமல், ஒரு 2, ஒரு சாய்ந்த கோடு, இன்னொரு 2.

கோடு போட்ட பிறகுதான் தாள் நகல் கடையின் வழவழப்பு இல்லாமல் பருத்தித் துணி மாதிரி சொரசொரப்பாக இருப்பது விரலுக்குத் தெரிந்தது. அது கீசலின் தாளேதான்.

அவள் எழுந்து கையைக் கழுவினாள். ஏன் கழுவினாள் என்று தெரியாது. திரும்பி வந்து ரப்பரைத் தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் போட்ட 2-க்கு ஒட்டினாற்போல் கீசலின் நிஜமான 3 இருந்தது. அதே சாம்பல் நிறம். தேய்த்தால் இரண்டும் போகும். நூற்று அறுபத்தைந்து வருடம் இருந்த மனிதரைத் தன் தப்பை மறைக்க அழிப்பதா? ரப்பரைக் கீழே வைத்தாள்.

இதுவரை நடந்தது விபத்து. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் காலை அவள் செய்தது விபத்து இல்லை.

நகலில் அந்தக் கோடு இல்லை. யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே அந்த ஒரு பக்கத்தை மறுபடி கடைக்குக் கொண்டுபோய், கோட்டோடு, புதிதாக நகல் எடுத்தாள். பழைய நகலைக் கிழித்துப் போடத்தான் நினைத்தாள். கிழிக்கவில்லை. மடித்து வயலின் பெட்டியின் வெல்வெட் உறைக்கு அடியில் தள்ளினாள். ஒத்திகைக்குப் போகும்போதெல்லாம் அதுவும் கூடவே போனது.

மூன்று வாரம் கழித்து மெரெட் லூக்கஸ் நூலகத்துக்குப் போனாள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, கனத்த குரலுள்ள வியோலா வாசிப்பவள். அப்போது இருபத்தொன்பது வயது. வடகடல் பக்கத்துப் பெண். சிரித்தால் கண்ணாடி ஜன்னல் அதிரும். பழைய வாசிப்பு முறை பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கீசலின் தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவள் அங்கிருந்தே ஒத்திகை மண்டபத்துக்கு ஓடி வந்தாள். கோட்டுப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தாள்.

"ரோஸ்விதா! மெதுவான பகுதியில ஒரு கோடு இருக்கு, பாத்தியா? ரெண்டு, கோடு, ரெண்டு! பாத்தியா நீ?"

பதில் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் சொல்லியிருக்கலாம்: அது நான்தாண்டி, கண்ணு தெரியாம போட்டுட்டேன். எல்லோரும் சிரித்திருப்பார்கள், காப்பாளர் அம்மாள் திட்டு வாங்கியிருப்பாள், ஊவே ஒரு வருடம் கிண்டல் செய்திருப்பான். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

"பாத்தேன்" என்றாள் ரோஸ்விதா.

அது பொய்யும் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது.

அதன் பிறகு குழுவுக்குப் பிடித்த காய்ச்சலைச் சொல்லி மாளாது. ஆதாரம் கிடைத்துவிட்டது! கிளெமென்ஸ் வில்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினார். பன்னிரண்டு வயலின்களும் ஒரே இடத்தில், ஒரே விரலில், அனுமதிச் சீட்டோடு, சறுக்கின. முதல் தடவை மண்டபமே கூசிப்போனது. பத்தாவது தடவை ஊதுகுழல்காரர்கள் வாசிப்பதை மறந்து கேட்டார்கள். ஒலித்தட்டு வந்தது. தலைநகரப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது: 'மூன்றாம் பகுதியில் வரும் அந்தச் சறுக்கு, ஏதோ சொல்ல வந்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது போல் இருக்கிறது. அந்த நூற்றாண்டின் மூச்சை முதன்முறையாகக் கேட்கிறோம்.'

ரோஸ்விதா அதைக் கத்தரித்தாள். மூன்று தடவை படித்தாள். பெட்டியின் வெல்வெட்டுக்கு அடியில், அந்த நகலுக்குத் துணையாக, வைத்தாள்.

இதைத்தான் அவளால் தன்னிடமே ஒப்புக்கொள்ள முடியவில்லை. குற்ற உணர்ச்சி இருந்தது. ராத்திரி நெஞ்சுக்கரிப்பு மாதிரி, பகலில் செருப்புக்குள் கல் மாதிரி. ஆனால் அதற்கடியில் இன்னொன்று இருந்தது. இருபத்துச் சொச்ச வருடம் கடைசி ஸ்டாண்டில் வாசிக்கிறவளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. எழுதினால் தப்பு செய்துவிட்டாள் என்று அர்த்தம். இப்போது ஒருவர் எழுதிவிட்டார். பெயர்தான் மாறிப்போயிருந்தது.

வருடங்கள் போகப் போக மெரெட்டின் ஆய்வு வளர்ந்தது. சறுக்குக்கு மட்டும் நாற்பத்தொரு பக்கம். 'கீசலின் சறுக்கு' என்றே பெயர் வைத்துவிட்டாள். வேறு ஊர்க் குழுக்கள் கடிதம் எழுதிக் கேட்டன. ஒவ்வொரு கடிதம் வரும்போதும் ரோஸ்விதா நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மெரெட்டுக்குக் காய்ச்சல், ஆறட்டும். மெரெட்டின் அப்பா இறந்துவிட்டார், இப்போதா சொல்வது? மெரெட் சந்தோஷமாக இருக்கிறாள், இன்று வேண்டாம். சொல்லாமல் இருக்க ஒரு நல்ல காரணம் எப்போதும் கைவசம் இருந்தது. எல்லாக் காரணமும் மெரெட்டின் நன்மைக்காகவே இருந்ததைக் கவனித்தபோது அவளுக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

இந்த வருடம் மார்ச் மாதம், ஒத்திகை இடைவேளை. எல்லோரும் அந்த ஊர்ப் பழக்கப்படி பச்சைக் கொத்துக்கறி தடவிய ரொட்டியில் வெங்காயம் தூவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெரெட் ஒரு தட்டு நிறையப் பிளம்ஸ் கேக்கோடு கடைசி ஸ்டாண்டுக்கு வந்தாள்.

"ரோஸ்விதா, பதினோரு நாள்ல வைவா. மொத ஆளா உனக்குத்தான் காட்டறேன், நன்றிப் பக்கம். படி."

முதல் பெயரே அவள் பெயர். 'இவருடைய பொறுமையான கைகள் இல்லாவிட்டால் கீசலின் தாள் நமக்குப் பேசியிருக்காது.'

ஊவே எட்டிப் பார்த்தான். "பொறுமையான கையா? போன வாரம் என் சைக்கிள்ல அந்தக் கையாலதான் காத்த எறக்கி விட்டா."

"நீ என் எடத்துல நிறுத்தினே" என்றாள் ரோஸ்விதா.

"இன்னொண்ணு கேக்கணும்" மெரெட் குனிந்து உட்கார்ந்தாள். "வைவால அந்த எடத்த வாசிச்சுக் காட்டணும். கிளெமென்ஸ் தானே வாசிக்கறேன்னாரு. நான் வேணாம்னுட்டேன். நீதான் வரணும்."

"நானா? என்னடி ஒளர்றே. நான் கடைசி ஸ்டாண்டு."

"அவரு சறுக்கினா அளந்து சறுக்கற மாதிரி இருக்கு. எல்லாருக்குமே அப்படித்தான். உன் கையில மட்டும்தான் அது தானா வருது. நூறு வருஷமா அப்படியே வாசிக்கற மாதிரி. நீ வாசி, அந்தப் பேராசிரியருங்க வாய மூடிக்கட்டும். மாட்டேன்னு சொல்லாத ப்ளீஸ்."

கேக்கை வாயில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ரோஸ்விதா தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அன்று முதல் நான்கு நாள் வீட்டில் அந்த இடத்தை வாசித்துப் பழகினாள். பொய்யை அழகாகச் சொல்லப் பழகுகிறோம் என்று தோன்றியது. வைவா அறையை நினைத்துப் பார்த்தாள்: மேசைக்குப் பின்னால் மூன்று பேர், தண்ணீர்க் குவளைகள், பின்னால் மெரெட்டின் அம்மா கடலோரத்திலிருந்து ரயிலேறி வந்து உட்கார்ந்திருப்பாள். நடுவில் இவள் எழுந்து நின்று வயலினை எடுத்து, தான் போட்ட கோட்டைத் தானே வாசித்து, இது கீசல் என்று சாட்சி சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டியை எடுத்துக்கொண்டு மெரெட்டின் வீட்டுக்குப் போனாள்.

மெரெட் துணி காயப்போடும் கொடியில், சாக்ஸுக்கும் துண்டுக்கும் நடுவே, வியோலாவின் குடல் தந்திகளைப் பாதாம் எண்ணெய் தடவித் தொங்கவிட்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய்.

"வா வா. பழகிப் பாக்கலாமா? ஒரு நிமிஷம், கையத் தொடச்சுக்கறேன்."

ரோஸ்விதா வயலினை வெளியே எடுத்து நாற்காலியில் வைத்தாள். வெல்வெட்டைத் தூக்கி, மடித்த தாளை எடுத்து மேசையில் பிரித்தாள். மடிப்பில் ஆறு வருட அழுக்கு.

"என்னது? நம்ம மூணாவது பகுதி." மெரெட் குனிந்தாள். "ஆனா கோடு இல்லையே. எந்தத் தாள்லேருந்து எடுத்தது?"

"கீசல் தாள்லேருந்துதான். மொத நாள் எடுத்தது. ரெண்டாம் நாள் எடுத்தது உன்கிட்ட இருக்கு."

மெரெட் சிரித்தாள். ஜன்னல் அதிர்கிற சிரிப்புத்தான், பாதியில் நின்றுவிட்டது.

"அந்தக் கோடு நான் போட்டது, மெரெட். வீட்ல. சமையல்கட்டுல. நகல்னு நெனச்சுப் போட்டுட்டேன். என் கை எட்டல, அதான்."

"அந்த ரெண்டுல சுழி இருக்கே."

"நாள் பூரா அவர் எழுத்தையே எழுதிட்டிருந்தேன். எனக்கும் வந்துடுச்சு."

மெரெட் எண்ணெய்க் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே நின்றாள். தாளில் படக் கூடாது என்ற நினைப்பு அப்போதும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் ரோஸ்விதாவுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். அழ உரிமை உள்ளவள் எதிரில் நிற்கிறாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போட்ட அன்னிக்கே."

"ஆறு வருஷம்."

"ஆமா."

"நான் ஓடி வந்து கேட்டேனே. பாத்தியான்னு கேட்டேனே. பாத்தேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"பயந்துட்டியா? காப்பாளர் அம்மாவுக்காகவா? எனக்குக் கஷ்டமா இருக்கும்னா?" மெரெட் ஒவ்வொரு காரணமாக எடுத்துக் கொடுத்தாள். எதையாவது பிடித்துக்கொள்ளேன் என்கிற மாதிரி. எல்லாமே மன்னிக்கக்கூடிய காரணங்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ரோஸ்விதா பெட்டிக்குள் மறுபடி கையை விட்டு அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து நகல் பக்கத்தில் வைத்தாள்.

"மொதல்ல பயம்தான். அப்புறம் இல்ல. அப்புறம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. எல்லாரும் நான் போட்டத வாசிச்சாங்க. கிளெமென்ஸ் வாசிச்சாரு. பேப்பர்ல எழுதினாங்க. நல்லா இருந்துச்சு மெரெட். அதான் சொல்லல."

மெரெட் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"இந்த நகல் இங்கேயே இருக்கட்டும். எனக்கு வேணும். நீங்க போகலாம், திருமதி டிம்லர்."

இந்தக் குழுவில் பதினெட்டு வயதுக்காரன் அறுபது வயதுக்காரரை நீ என்பான். ஒருமுறை நீ என்று ஆரம்பித்தால் சாகிற வரை நீதான்; சண்டை போட்டாலும் விவாகரத்து செய்தாலும் நீதான். அதிலிருந்து திரும்பிப் போனவர்களை ரோஸ்விதா அதுவரை பார்த்ததில்லை. வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. மெரெட் அன்றே தன் பேராசிரியருக்கு எழுதினாள். வைவா ஆறு மாதம் தள்ளிப்போனது. நாற்பத்தொரு பக்கம் சுருங்கி, முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பாக நின்றது: 'இக்குறி பிற்கால நகல்காரர் ஒருவருடையது.' நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் இப்போது ஒரு பல் டாக்டருடையது என்று ஊவே சொன்னான். உண்மையா என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

கிளெமென்ஸ் அவளைத் திட்டவில்லை. அதுதான் பெரிய தண்டனை. ஒத்திகையில் எழுந்து நின்று, "சில புதிய ஆய்வுகளின்படி" என்று ஆரம்பித்து, அந்தக் கோட்டை எல்லோரும் அழித்துவிடும்படி சொன்னார். ஒலித்தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் விற்றுக்கொண்டிருந்தது. வயலின்காரர்கள் பைகளைக் குடைந்து ரப்பரை எடுத்தார்கள். அச்சில் விழுந்த கோடு ரப்பருக்கு எங்கே போகும்? தேய்த்துத் தேய்த்துத் தாள்தான் கிழிந்தது. கடைசியில் வெள்ளை மை வைத்து மறைத்தார்கள். பாலாடைத் தாளில் ஒரு வெள்ளைப் புண். எத்தனை தூரத்திலிருந்தும் கண்ணில் பட்டது.

"ரோஸி, உண்மையச் சொல்லு" என்று ஊவே அவள் காதில் சொன்னான். "இன்னும் எதெல்லாம் நீ எழுதினது? மோசேக்குக் குடுத்த பத்துக் கட்டளையும் நீதானா?"

"வாய மூடு ஊவே."

"பதினொண்ணாவது ஒண்ணு சேத்திருக்கலாம். 'நகலெடுக்கும்போது பென்சிலைக் காதிலிருந்து எடுக்காதிருப்பாயாக.'"

அவன் ஒருவன்தான் அவளிடம் பழைய மாதிரி பேசினான். இடைவேளையில் மற்றவர்கள் அவளிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து அலமாரிச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். அதையும் ஊவேயிடம்தான் கொடுத்தார்கள். அவன் முதல் வாரமே அதைத் தொலைத்தான். அவளிடம் இருந்த மாற்றுச் சாவியை அவன் பையில் போட்டாள்.

அக்டோபரில் ப்ரெம்ஸ்லர் பிறந்தநாள் கச்சேரி. மாதா கோயிலில் வழக்கம்போல் அதே சிம்பொனி. மூன்று வாரம் ஒத்திகையில் அந்தத் தாவலைச் சுத்தமாக, விரல் மாற்றி, சறுக்காமல் வாசித்தார்கள். கிளெமென்ஸின் புருவம் திருப்தியாக இறங்கியது. ரோஸ்விதா வீட்டிலும் அதையே பழகினாள். சின்னக் கைக்கு எட்டாத இடத்துக்கு எட்ட, கட்டைவிரலை வயலின் கழுத்துக்கு அடியிலிருந்து எடுத்து, கையையே தூக்கி வைத்தாள். வலித்தது. வலிப்பது சரி என்று பட்டது. வியோலா வரிசையிலிருந்து மெரெட் ஏழு மாதமாக இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கச்சேரி அன்று கோயில் நிறைந்திருந்தது. ஈரக் கோட்டுகளின் ஆவியில் குடல் தந்திகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மூன்றாம் பகுதி தொடங்கியது. ராகம் ஏறியது, தயங்கியது, அந்தத் தாவலுக்கு வந்தது.

பதினோரு வயலின்களும் சறுக்கின.

யாரும் நினைத்துச் செய்யவில்லை. ஆறு வருடம் போன வழியில் கை தானாகவே போய்விட்டது. கூட்டம், வெளிச்சம், பதற்றம், தாளில் அந்த வெள்ளைப் புண் கண்ணில் பட்டதும் அதற்கடியில் இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. கிளெமென்ஸும் சறுக்கினார், எல்லோரையும்விட நீளமாக. கடைசி ஸ்டாண்டில் சுவரோரம் இருந்தவள் மட்டும் கையைத் தூக்கி வைத்து, சுத்தமாக, நேராக மேல் சுரத்தில் போய் இறங்கினாள். மற்றவர்கள் வழியில் இருக்கும்போதே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அரை நொடி, அந்தப் பெரிய கோயிலில் ஒரே ஒரு வயலின், மெல்லியதாக, யாரும் இல்லாத வீட்டுக்கு முதலில் வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி, தனியாக நின்றது.

ஊவே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான். ஸ்டாண்டே ஆடியது. ரோஸ்விதா தலையைத் தூக்கினாள். வியோலா வரிசையிலிருந்து மெரெட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தாள். பிறகு தன் தாளுக்குத் திரும்பினாள்.

முடிந்ததும் கிளெமென்ஸ் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து, கடைசி ஸ்டாண்டில் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "உங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் முந்திட்டீங்க. பரவாயில்ல. நடக்கறதுதான்."

"நடக்கறதுதான்" என்றாள் ரோஸ்விதா. உண்மையைச் சொன்னால் பதினோரு பேரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அடுத்த ஒத்திகைக்கு வந்தபோது அவள் ஸ்டாண்டில் ஒரு பத்திரிகைத் துண்டு செருகியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை. அதன் விமர்சகர் அடிக்குறிப்புகளைப் படிக்கிற ஆள் இல்லை. 'நம் மண்ணுக்கே உரிய கீசலின் சறுக்கை முதல் வயலின்கள் இம்முறையும் உருகி உருகி வாசித்தன. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் இந்தப் பாணி இன்னும் பிடிபடாதவர் போல் தனித்துத் தெரிந்தார்.'

'இந்தப் பாணி இன்னும் பிடிபடாதவர்' என்ற சொற்களுக்கு அடியில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

ஊவே எட்டிப் பார்த்தான். "நான் இல்லம்மா. சத்தியமா. நான் போட்டிருந்தா பக்கத்துல ஒரு கழுதை படம் வரைஞ்சிருப்பேன்."

ரோஸ்விதா வியோலா வரிசையைப் பார்த்தாள். மெரெட் குனிந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் பென்சில். கிண்டலா, குத்தா, வேறு ஏதாவதா, அந்தக் கோட்டை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியவில்லை. பென்சில் கோட்டைப் பார்த்து அதைப் போட்டவர் மனதைச் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறவர்கள் இந்தக் குழுவில் நிறைய உண்டு. அவள் அதில் சேர்த்தி இல்லை.

அவள் கோட்டுப் பையில் ரப்பர் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. துண்டை மடித்து, பெட்டியைத் திறந்து, வெல்வெட்டைத் தூக்கி, பழையது இருந்த இடத்தில் வைத்தாள். பிறகு ஊவேயோடு சேர்ந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தாள். வெளியே மழை. தந்தி சுருதியில் நிற்கவே இல்லை.